பெஞ்சமினுக்கு நோய் கிடைத்த விதம்

ஒரு நாடு எவ்வளவு முன்னேறியிருக்கிறது என்பதை அதன் சாலைப் பெயர்ப்பலகைகளைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது சாலைப் பெயர்ப்பலகைப் பராமரிப்பு வாரியத்தின் உறுதியான கருத்து. மற்றவர்களுக்கு வேறு கருத்து இருக்கலாம். ஆனால் அவர்களிடம் வாரியம் இல்லை. வாரியத்தின் தலைமை அலுவலகம் செபராங் ஜெயாவில் இருந்தது. அது பராமரிக்க வேண்டிய பலகைகளோ பாலம் தாண்டி பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனில் இருந்தன. அலுவலகமும் பலகையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தால் அதிகாரிகள் பயணப்படி எப்படி வாங்குவார்கள்? ஆகவே எல்லாம் யோசித்துத்தான் அமைக்கப்பட்டிருந்தது.

அந்த வாரியத்தில் பெஞ்சமின் முதல்நிலைப் பலகைப் பொருத்துநர். பதவியின் பெயரைக் கேட்டால் மனைவி வீட்டார்கூட எழுந்து நிற்பார்கள். வேலை என்னவோ, ஏணியில் ஏறி ஸ்பானரால் நட்டு முடுக்குவதுதான். லோரியை ஓட்டிவந்து நிறுத்தி, கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வது பெவர்லி. இருவருக்கும் ஒரே கிரேடு, ஒரே சம்பளம், ஒரே மாதா கோவில். பெவர்லி வயதில் இளையவள், சும்மா இருக்கத் தெரியாதவள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கொஞ்சம்கூட ஓய்வு எடுக்காமல் கொடிமலைக்கு நடந்தே ஏறிவிட்டு வருவாள்.

பெஞ்சமினுக்குக் கொஞ்ச காலமாகவே கை சரியில்லை. காலையில் எழுந்தால் விரல் மூட்டெல்லாம் வீங்கிப் போயிருக்கும். முஷ்டியை மூட முடியாது. சட்டைப் பொத்தானை மனைவி மிஷெல்தான் போட்டுவிடுவாள். வெந்நீரில் கையை ஊறவைத்து, பசியாறி, ஒரு கோப்பை கோப்பியும் குடித்து முடிக்கிற நேரத்துக்குத்தான் விரல்கள் லேசாக அசைந்து கொடுக்கும். மோட்டார் சைக்கிள் கிளட்சைப் பிடிக்கும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். இதெல்லாம்கூடப் பரவாயில்லை. ஏணி உச்சியில் நிற்கும்போது பிடி நழுவினால்? அந்தப் பயம்தான் அவரைத் தின்றது. மனுஷன் வாரியத்திடம் மாளிகையா கேட்டார்? கை குணமாகும்வரை என்னை ஏணியிலிருந்து இறக்கிவிட்டு, ஆபீசில் ஒரு நாற்காலியில் உட்கார வையுங்கள் என்றுதான் கேட்டார்.

கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் இயக்குநர் டத்தோ முகம்மது கனி, பத்து பெரிங்கி என்ற கடற்கரையிலிருந்த ஹோட்டல் ஒன்றில் நடந்த ஆரோக்கியக் கருத்தரங்குக்குப் போய்விட்டுப் புது மனிதராகத் திரும்பி வந்திருந்தார்.

அந்த வருஷம் ஆட்டோஇம்யூன்தான் பேஷன். அதற்கு முந்தின வருஷம் கொலாஜன். அதற்கும் முந்தி குடல் கிருமி. எனக்குச் சீனி இருக்கிறது, பிரஷர் இருக்கிறது என்று சொன்னால் இப்போதெல்லாம் யாரும் தலையைத் தூக்கிப் பார்ப்பதுகூட இல்லை. ஆட்டோஇம்யூன் என்று சொல்லிப் பாருங்கள், நாற்காலி போடுவார்கள். அந்தக் கருத்தரங்கில், மதியச் சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் நடுவே டத்தோ கண்ணைத் திறந்திருந்த நேரத்தில், ஒரு லேப் கம்பெனிக்காரர் திரையில் படம் காட்டினார். ஏ.என்.ஏ. என்றொரு ரத்தப் பரிசோதனை இருக்கிறது, உடம்பே உடம்பைத் தாக்கும் சில மூட்டு நோய்கள் இல்லை என்று ஒதுக்கிவைக்க அது உதவும் என்றார். அறிகுறி உள்ளவர்களுக்கு, டாக்டர் பார்த்துக் கேட்டால், என்றும் சேர்த்துச் சொன்னார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது.

மறுநாளே அவசரக் கூட்டம். மனிதவளப் பிரிவுத் தலைவி புவான் நூருல் ஹுதா லேப்டாப்போடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார்.

"ஹுதா, நம்ம வாரியத்துல எதுக்கு அதிகமா எம்.சி. லீவு எடுக்குறாங்க?"

"மூட்டு வலிக்கு, டத்தோ."

"மூட்டு நோய் இல்லேன்னு ரத்தத்துலயே நிராகரிச்சிட்டா?"

"மூட்டு வலி இருக்காது, டத்தோ."

"மூட்டு வலி இல்லேன்னா?"

"எம்.சி. இருக்காது, டத்தோ!"

டத்தோ நாற்காலியில் சாய்ந்தார். "இத்தன வருஷமா இது ஒருத்தனுக்கும் தோணல பாரு" என்றார். கூட்டத்தில் இருந்த அத்தனை பேரும் தங்களுக்குத் தோன்றாததற்காகத் தலைகுனிந்தார்கள்.

ஊழியர் எல்லாருக்கும் ரத்தம் எடுக்கப்பட்டது. காவலாளி முதல் கணக்காளர் வரை, வலி உள்ளவர், வலியே தெரியாதவர், வலிப்பதாக நடிப்பவர் என்று எந்தப் பாகுபாடும் காட்டப்படவில்லை. வாரியத்தில் சமத்துவம் நிலவியதற்கு இதைவிடச் சான்று வேண்டாம். ரிப்போர்ட்டின் அடியில், 'நோயாளியின் அறிகுறிகளோடு சேர்த்தே இதைப் பார்க்க வேண்டும்' என்று லேப் பொடி எழுத்தில் போட்டிருந்தது. வாரியத்தின் சின்னத்தை அச்சடிக்க அந்த இடம்தான் தோதாக இருந்ததால், அந்த வரியை எடுத்துவிட்டார்கள்.

முடிவு அறிவிக்கும் விழா ஆபீஸ் மண்டபத்தில் நடந்தது. நெகட்டிவ் வந்தவர்களுக்கு 'மூட்டு நோய் நிராகரிக்கப்பட்டோர்' என்று சான்றிதழ், ஒரு துணிப்பை, டத்தோவோடு ஒரு போட்டோ. பெஞ்சமின் பெயரும் வாசிக்கப்பட்டது. அவர் மேடையேறினார். டத்தோ அவருடைய கையைப் பிடித்து வாரியத்தின் சார்பில் பலமாகக் குலுக்கினார். பெஞ்சமின் "ஐயோ மாதாவே!" என்று கத்திவிட்டார்.

"சந்தோஷம்லா" என்றார் டத்தோ மைக்கில். மண்டபம் கைதட்டியது.

பாசிட்டிவ் வந்தவர்கள் மிகச் சிலர். பொருத்துநர் பிரிவில் பெவர்லி ஒருத்திதான். ஒன்றுக்கு எண்பது என்று ரிப்போர்ட்டில் இருந்தது. அந்த லேப் பாசிட்டிவ் என்று சொல்வதிலேயே குறைந்த அளவு அது, ஒரு நோயும் இல்லாத எத்தனையோ பேருக்கு வருவதுதான். ஆனால் நம் ஆட்களுக்கு எண்பது என்ற எண்ணைப் பார்த்தாலே ஒரு மரியாதை வந்துவிடும். "எண்பது எடுத்திருக்காடி" என்று பின் வரிசையில் ஒரு குமாஸ்தா பெருமூச்சு விட்டாள். அவளுக்கு நெகட்டிவ்.

"டத்தோ, எனக்கு ஒண்ணுமே இல்ல" என்றாள் பெவர்லி. "முந்தாநேத்துகூட கொடிமலை ஏறினேன்."

"ஒண்ணுமே தெரியாம இருக்குறதுதாம்மா இந்த நோயோட பயங்கரம்" என்றார் டத்தோ. அவர் கண் கலங்கியிருந்தது.

அன்று முதல் பெவர்லி நோயாளி. வெயில் படக்கூடாது, லோரி ஓட்டக்கூடாது, எதையும் தூக்கக்கூடாது. ஏர்கோன் போட்ட நலம் பேணும் அறை ஒன்று அவளுக்கு ஒதுக்கப்பட்டது. அங்கே மெத்தென்ற சாய்வு நாற்காலி, கால் வைக்க முக்காலி. உடன் வேலை செய்பவர்கள் பப்பாளியும் இளநீரும் வாங்கிக்கொண்டு வரிசையாக வந்து பார்த்தார்கள். கோவிலில் ஞாயிறு மன்றாட்டில் அவள் பெயர் வாசிக்கப்பட்டது. அவளுடைய அத்தை பாயான் லெப்பாஸிலிருந்து பஸ் மாறி மாறி வந்து கட்டிப்பிடித்து அழுதாள். நாள் முழுக்க அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்ததில் பெவர்லிக்கு நிஜமாகவே இடுப்பு வலி வந்தது. அது நோயின் முன்னேற்றம் என்று பதிவானது.

இதற்கிடையில் மிஷெல், பெஞ்சமினை இழுத்துக்கொண்டு அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனாள். மூட்டு டாக்டர் சிவநேசன் அவர் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் பெஞ்சமின் ஒரு புனிதரை அழைத்தார்.

"காலையில எவ்வளவு நேரம் இறுக்கமா இருக்கு?"

"பசியாறி முடிக்கிற வரைக்கும் டாக்டர். ஆனா எனக்கு நோய் இல்ல." பெஞ்சமின் பையிலிருந்து சான்றிதழை எடுத்து நீட்டினார். அது பிளாஸ்டிக் உறை போட்டிருந்தது.

டாக்டர் அதை வாசித்தார். இன்னொரு தடவை வாசித்தார். "உங்களுக்கு இந்த டெஸ்ட எதுக்குய்யா எடுத்தாங்க?"

"எல்லாருக்கும் எடுத்தாங்க டாக்டர்."

டாக்டர் வேறு ரத்தம் எடுத்தார், கைக்கு ஸ்கேன் எடுத்தார். அடுத்த தடவை போனபோது நிதானமாகச் சொன்னார். "உங்களுக்கு மூட்டுவாதம். ஆபீஸ்ல எடுத்தது வேற மாதிரி நோயைத் தேடுற டெஸ்ட். அது நெகட்டிவ்னா அந்த நோய் இல்லேன்னு பெரும்பாலும் விட்டுடலாம், அவ்வளவுதான். உங்க நோய்க்குன்னு தனி டெஸ்ட் இருக்கு. அதுவும் உங்களுக்கு நெகட்டிவ்தான்."

"அப்ப நோய் இல்லதானே டாக்டர்?" மிஷெலின் குரலில் நம்பிக்கை எட்டிப் பார்த்தது.

"இல்லம்மா, இருக்கு. ரத்தத்துல காட்டாமலே இந்த நோய் சில பேருக்கு வரும். ரத்தம் காட்டலேன்னா என்ன, கை காட்டுதே." டாக்டர் பெஞ்சமின் பக்கம் திரும்பினார். "வாரத்துக்கு ஒரு தடவை போடுற மருந்து தர்றேன். அது வேலை செய்யக் கொஞ்சம் நாளாகும். அதுவரைக்கும் ஏணிப் பக்கமே போகாதீங்க. கவனிக்காம விட்டா விரல் கோணிடும். கோணினா கோணினதுதான்."

பெஞ்சமின் டாக்டர் கொடுத்த கடிதத்தோடு நேராக புவான் ஹுதாவிடம் போனார். ஹுதா நல்ல பெண். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். கடிதத்தை மரியாதையோடு வாங்கி வைத்துவிட்டுக் கணினியைத் தட்டினார்.

"பெஞ்சமின் அண்ணே, உங்களுக்கு நோய் நிராகரிக்கப்பட்டதுன்னு இருக்கு. அந்த நிலையில உள்ளவங்களுக்கு மூட்டு வலிங்கிற காரணமே சிஸ்டத்துல திறக்காது. வயித்துப்போக்கு போடவா? அது திறக்குது."

"வயித்துப்போக்குக்கு எத்தன நாள் புவான் ஏணியில ஏறாம இருக்கலாம்?"

"ஒரு நாள்."

பெஞ்சமின் இரண்டு கைகளையும் மேசை மேல் வைத்தார். "புவான், கொஞ்சம் கையப் பாருங்க. எப்படி வீங்கிக் கெடக்கு."

ஹுதா கணினித் திரையைப் பார்த்தார். "கைக்கு இங்க இடமே ஒதுக்கலண்ணே" என்றார் வருத்தத்தோடு. "இன்னொரு விஷயம். பெவர்லிக்கு முடியாம இருக்கறதால லோரியும் இனிமே நீங்களே ஓட்டிக்கச் சொல்லி உத்தரவு. உங்க பிரிவுல சான்றிதழ் உள்ள ஆரோக்கியமான ஆள் நீங்கதானே."

இப்படியாக, கை விளங்காதவர் லோரியும் ஓட்டினார், ஏணியிலும் ஏறினார். மலையேறுகிறவள் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னல் வழியாக லோரி போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாரியத்தின் வரலாற்றில் இவ்வளவு ஒழுங்காக ஒரு திட்டம் நிறைவேறியதே இல்லை என்று டத்தோ ஒரு பேட்டியில் சொன்னார்.

சூலியா தெருவில் ஒரு பலகை சாய்ந்து தொங்குவதாகப் புகார் வந்தது. பெஞ்சமின் போனார். ஏணியைப் பிடிக்க ஆள் இல்லை. சுவரில் சாய்த்துவிட்டு, ஜெபம் சொல்லிக்கொண்டே ஏறினார். மேலே போய் ஸ்பானரை நட்டில் மாட்டித் திருகினார். விரல் மடங்கவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினார். மணிக்கட்டிலிருந்து தோள் வரை வலி பாய்ந்தது, ஸ்பானர் நழுவி நாணயமாற்றுக் கடை வாசலில் போய் விழுந்தது, பலகை ஒரு பக்கம் கழன்று ஆட, ஏணியும் ஆடியது. பெஞ்சமின் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டார். மிஷெலின் முகம் கண்ணுக்குள் வந்தது.

கீழே சாப்பாட்டுக் கடைக்காரர் காஜா மொய்தீன், கறிக்கரண்டியும் கையுமாக ஓடிவந்து ஏணியைப் பிடித்தார். "யா அல்லா! இறங்கு பெஞ்சமின், மெதுவா இறங்கு!"

பெஞ்சமின் இறங்கியதும் காஜா மொய்தீன் அவரைக் கடைக்குள் உட்காரவைத்து, நுரை பொங்க ஆற்றிய ஒரு தே தாரிக்கைக் கொடுத்தார். கோப்பையைப் பிடிக்கும் கையைப் பார்த்துவிட்டு, "என்னாலா இது, கை பன்னு மாதிரி ஊதியிருக்கு? உடம்புக்கு என்னா?" என்று கேட்டார்.

"ஒண்ணும் இல்ல பாய்" என்றார் பெஞ்சமின். "சர்ட்டிபிகேட் இருக்கு."

சொல்லும்போதே அவருக்கு அழுகை வந்துவிட்டது. நாற்பத்தைந்து வயது ஆள், நாலு பேர் சாப்பிட்டுக்கொண்டிருக்கிற கடையில் உட்கார்ந்து, கோப்பைக்குள் பார்த்துக்கொண்டு அழுதார்.

டாக்டர் சிவநேசனுக்கு இது தெரிந்ததும் அவரே வாரியத்துக்கு வந்துவிட்டார். இப்படி ஒரு டாக்டர் தேடி வருவது அரிது என்பதால், டத்தோ அவரை வரவேற்று, பூங்கொத்து கொடுத்து, துணிப்பையும் கொடுத்தார். பிறகு கூட்டம் கூடியது. பெஞ்சமினும் பெவர்லியும் சுவரோரமாக நின்றார்கள்.

"டத்தோ, இவர் கை வீங்கியிருக்கு. இவருக்கு நோய் இருக்கு" என்றார் டாக்டர்.

"கை சொல்லுது, சரி. ரத்தம் என்ன சொல்லுது?"

"ரத்தம் எல்லாத்தையும் சொல்லாது."

"டாக்டர், ரத்தத்துக்கு லேப் முத்திரை இருக்கு. கைக்கு என்ன முத்திரை இருக்கு?"

டாக்டர் தண்ணீர் குடித்தார். "சரி, அந்தப் பொண்ண விடுங்க. அவங்களுக்கு நோய் இல்ல. நல்லா இருக்கிற ஆளுங்க நிறைய பேர வரிசையா நிக்க வச்சு இந்த டெஸ்ட் எடுத்தா, சில பேருக்கு இப்படி வரத்தான் செய்யும்."

"அதத்தானே நாங்களும் சொல்றோம்! வந்திருக்கு. நாங்க கண்டுபிடிச்சிருக்கோம்."

"நீங்க நோயைக் கண்டுபிடிக்கல டத்தோ. டெஸ்ட்டோட குறையைத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க."

"ஹுதா, அதையும் சாதனைப் பட்டியல்ல சேர்த்துக்குங்க" என்றார் டத்தோ.

பேச்சு அங்கேயே நின்றது. முடிவை மாற்றினால் பரிசோதனை தப்பு என்றாகும். பரிசோதனை தப்பு என்றால் அதற்குக் கையெழுத்துப் போட்டவர் தப்பு என்றாகும். கையெழுத்துப் போட்டவர் கூட்டத்துக்குத் தலைமை தாங்கிக்கொண்டிருந்தார். பெஞ்சமின் கண்ணை மூடிக்கொண்டார். அடுத்த தடவை ஏணியில் ஏறி விழுந்தால் தலை முதலில் தரையைத் தொட வேண்டும், கைக்கு இன்னும் வலி கொடுக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டார்.

அப்போதுதான் புவான் ஹுதா கையைத் தூக்கினார். "டத்தோ, சுக்கா சாமா சுக்கா இருக்குதே?"

அரசாங்க வேலையில் இருந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜொகூரில் இருக்கிற ஒரு ஆசிரியைக்குப் பினாங்கு வேண்டும், பினாங்கில் இருக்கிறவருக்கு ஜொகூர் வேண்டும். ஒரே கிரேடு, இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால் இடத்தை மாற்றிக்கொள்ளலாம். நீயும் விரும்பி, நானும் விரும்பி. யாருக்கும் நஷ்டமில்லை, காலியிடமும் விழாது. எத்தனையோ குடும்பங்களைச் சேர்த்துவைத்த புண்ணிய ஏற்பாடு அது.

"பெஞ்சமின் அண்ணனும் பெவர்லியும் ஒரே கிரேடு" என்றார் ஹுதா. "ஷிப்ட மாத்திக்கலாம், லீவ மாத்திக்கலாம், வண்டி நிறுத்துற இடத்த மாத்திக்கலாம்னு விதி இருக்கு. ரத்த நிலைய மாத்திக்கக் கூடாதுன்னு எங்கயும் இல்ல."

டத்தோ எழுந்தே நின்றுவிட்டார். "அப்ப நம்ம புள்ளிவிவரம்?"

"மாறவே மாறாது டத்தோ. பாசிட்டிவ் எத்தனையோ அத்தனைதான். நெகட்டிவ் எத்தனையோ அத்தனைதான்."

"பெவர்லி, உனக்குச் சம்மதமாம்மா?"

"இப்பவே எடுத்துக்கச் சொல்லுங்க டத்தோ!" என்றாள் பெவர்லி. அவள் பார்வை ஜன்னலுக்கு வெளியே நின்ற லோரி மேல்தான் இருந்தது.

டாக்டர் சிவநேசன் வாயைத் திறந்தார். அவர் படித்த படிப்பு முழுவதும் தொண்டைக்குள் வந்து நின்றிருக்க வேண்டும். பிறகு பெஞ்சமினின் கைகளைப் பார்த்தார். "அவர ஏணியில ஏத்த மாட்டீங்கதானே?"

"நோயாளியை ஏத்துவோமா டாக்டர்? நாங்களும் மனுஷங்கதானே!"

"அப்ப சரி" என்றார் டாக்டர். துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று சாயங்காலமே உத்தரவு வந்தது. பெவர்லி பெயரில் இருந்த பாசிட்டிவ், சேவை நலன் கருதி, உடனடியாக நடப்புக்கு வரும் வகையில் பெஞ்சமினுக்கு மாற்றப்பட்டது. பெஞ்சமின் பெயரில் இருந்த நெகட்டிவ், துணிப்பை உட்பட, பெவர்லிக்குப் போனது. வண்டி நிறுத்துமிடத்தில் பெஞ்சமின் அவள் கையைத் தன் வீங்கிய கைகளுக்குள் வைத்துக்கொண்டு, "நீ என் கூடப் பொறக்காத தங்கச்சிம்மா" என்றார்.

"சும்மா இருங்கண்ணே" என்று அவள் சிரித்தாள். "எனக்கு அந்த ரூம்ல பைத்தியமே பிடிச்சிருக்கும்."

மருந்து மெல்ல வேலை செய்தது. வீக்கம் வடிந்தது. ஒரு நாள் காலையில் பெஞ்சமின் தானே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். மிஷெல் அடுப்பங்கரையில் நின்று பார்த்துவிட்டு, முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டாக்டரும் பரிசோதித்துவிட்டு, "இனிமே கொஞ்சம் கொஞ்சமா பழைய வேலைக்குப் போகலாம்" என்றார்.

ஆனால் வாரியத்தில் அவர் பாசிட்டிவ். நலமான பாசிட்டிவ் என்று ஒன்று விதியில் இல்லை. தவிர, சாய்வு நாற்காலி மெத்தென்று இருந்தது, ஏர்கோனும் நன்றாகத்தான் வேலை செய்தது. பெஞ்சமின் அதைப் பற்றி யாரிடமும் வாய் திறக்கவில்லை. அவரை எப்படிக் குறை சொல்ல முடியும்? வெயிலில் ஏணி உச்சியில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அந்த நாற்காலியின் அருமை தெரியும்.

செய்தி பரவியதும் ஆபீசே மாறிப்போனது. பிள்ளைக்குப் பரீட்சை வருகிறது, கொஞ்ச நாளைக்கு உன் பாசிட்டிவைக் கொடேன் என்று கெஞ்சினார்கள். வீட்டுக்குச் சாயம் அடிக்க வேண்டும் என்று கேட்டவர் உண்டு. தீபாவளிக்கு முந்தின வாரம் பாசிட்டிவுக்கு இருந்த கிராக்கி சொல்லி முடியாது. பெருநாளுக்கு அதைவிட. பாசிட்டிவ் வைத்திருந்த அந்தச் சிலர் மற்றவர்களிடம் சரியாகப் பேசுவதைக்கூட நிறுத்திக்கொண்டார்கள். உண்மையிலேயே முட்டி வீங்கியவர்கள் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறினார்கள். அவர்களுக்குத் தெரிந்த பாசிட்டிவ் யாரும் இல்லை.

இந்தப் போக்குவரத்தைக் கவனிக்க ஒரு பொறுப்பாளர் தேவைப்பட்டார். துறையில் முன் அனுபவம் உள்ளவர் யார்? பெஞ்சமினை நலநிலை ஒருங்கிணைப்பாளராக நியமித்தார்கள். மேசை கொடுத்தார்கள், கணினி கொடுத்தார்கள், கதவில் பெயர்கூட எழுதினார்கள். ஆரம்பத்தில் வருகிறவர்களை உட்காரச் சொல்லி, எங்கே வலிக்கிறது என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். நாளாக ஆக, அதற்கெல்லாம் நேரம் கிடைக்கவில்லை. விதியைத்தான் கேட்டார். "ரொம்ப நேர்மையான ஆளுப்பா, யாருக்கும் சலுகை காட்ட மாட்டார்" என்று நல்ல பெயரும் எடுத்தார். மிஷெல் கோவிலில் இரண்டு வரிசை முன்னால் உட்காரத் தொடங்கினாள்.

பெவர்லிக்கு மட்டும் துணைக்கு ஆள் வரவில்லை. பெஞ்சமின் நோயாளியாகப் பணியில் இருக்கிறார், ஆகவே பொருத்துநர் இடம் காலியில்லை, காலியில்லாத இடத்துக்கு எப்படி ஆள் எடுப்பது? அவளே லோரி ஓட்டினாள், அவளே ஏணியைச் சாய்த்தாள், அவளே ஏறி நட்டு முடுக்கினாள். அவளுக்கென்ன, மலையேறுகிறவள், சான்றிதழ் உள்ளவள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ஒரு நாள் அவள் பெஞ்சமினின் அறைக் கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தாள்.

"வாம்மா, வா. எங்க ஆளையே காணோம்?"

"அண்ணே, கை முடியலண்ணே. மணிக்கட்டு வீங்கிப் போச்சு. ஸ்பானரே பிடிக்க முடியல. நேத்து ஏணியில இருந்து விழப் பாத்தேன். கொஞ்ச நாளைக்கு எனக்குக் கீழ வேலை போடச் சொல்லுங்கண்ணே."

பெஞ்சமின் பதறித்தான் போனார். உடனே கணினியைத் திறந்து, அவள் பெயரைத் தட்டினார். திரையைப் பார்த்தார். கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் பார்த்தார்.

"உனக்கு நெகட்டிவ்னு இருக்கேம்மா?"

பெவர்லி சிரித்துவிட்டாள். அவர் விளையாடுகிறார் என்று நினைத்தாள். அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "அண்ணே, அது உங்களோடது. உங்ககிட்ட இருக்கிற பாசிட்டிவ்தான் என்னோடது."

"அது அப்ப. இப்ப சிஸ்டத்துல என் பேர்ல இருக்கு, நான் என்ன செய்ய?" பெஞ்சமினின் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "உன் கிரேடுல மாத்திக்க யாராவது இருக்காங்களான்னு கேட்டுப் பாரு. இல்லேன்னா அடுத்த வருஷம் ரத்தம் எடுப்பாங்க, அதிர்ஷ்டம் இருந்தா உனக்கே வந்துடும்."

"அண்ணே, கையையாவது ஒரு தடவ பாருங்களேன்."

"கையைப் பாத்து நான் என்னம்மா பண்றது? நான் என்ன டாக்டரா?"

அவள் லோரிச் சாவியை இடது கையில் எடுத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனாள். சூலியா தெருவில் இன்னொரு பலகை சாய்ந்து தொங்குவதாகப் புகார் வந்திருந்தது.